டிராகுலா: கடிக்கும் நோய்க்கும் நடுவே

இளமையில் நம்மை அச்சுறுத்திய ஒரு நாவலை நடுவயது கடந்தபின் மீண்டும் எடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அச்சம் வராமற்போனால் நாவல் சிறுத்துவிட்டதா, நாம் தடித்துவிட்டோமா என்று தெரியாது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை மீண்டும் வாசிப்பதென்று நாங்கள் மூவரும் முடிவு செய்தபோது இந்தத் தயக்கம் எங்களுக்கு இருந்தது. 1986 கோடை விடுமுறையில் வெலிங்டனில் ஒரே பிரதியை மூவரும் முறைவைத்துப் படித்தோம். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஆளுக்கொரு பிரதியுடன், வாரம் ஒருமுறை கூடி, இரண்டு மாதத்தில் அதை மீண்டும் முடித்தோம். எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் மருந்தாளுநர். இக்கட்டுரையை மூவரும் சேர்ந்தே எழுதுகிறோம். கருத்து வேறுபட்ட இடத்தில் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

முதல் வாசிப்புக்கு வெலிங்டனைவிடப் பொருத்தமான ஊர் வாய்த்திருக்க முடியாது. ஜக்கதளா என்ற படுகர் ஊரின் பெயரால் அறியப்பட்டிருந்த பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர் படைக்குடியிருப்பு அமைத்து, வாட்டர்லூவில் வென்ற தளபதியின் பெயரைச் சூட்டினார்கள். இன்றும் இது இராணுவ ஊர்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையமும், முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் இங்கே உள்ளன. மாலை நான்கு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவரும். சற்று நேரத்தில் எதிர்ச்சரிவு மறைந்துவிடும். இரவில் சிறுத்தை வந்து வீட்டு நாயைத் தூக்கிச் செல்வது இம்மலையில் கதையன்று, செய்தி. கார்பேத்தியன் மலையின் ஓநாய் ஊளையை நாங்கள் கற்பனை செய்துகொள்ள அதிகம் சிரமப்படவில்லை.

அன்று நாங்கள் வாசித்தது நாவலையா, எங்கள் தலைக்குள் இருந்த திரைப்படங்களையா என்ற ஐயம் இப்போது எழுகிறது. பேலா லுகோசி 1931இலும் கிறிஸ்டோபர் லீ 1958இலும் அணிந்த கறுப்பு மேலங்கி எங்கள் மனத்தில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது. சூரிய ஒளி பட்டால் டிராகுலா அழிந்துவிடுவான் என்று நாங்கள் மூவரும் சத்தியம் செய்திருப்போம். நாவலில் அப்படி எதுவும் இல்லை. அவன் பகலில் லண்டன் வீதியில் நடமாடுகிறான். ஆற்றல் குறைந்திருக்கும், அவ்வளவே. வெயிலில் கரைந்துபோகும் முடிவு 1922இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப்படத்திலிருந்து வந்தது. அதுபோலவே, மார்பில் மரக்கழு ஏற்றி டிராகுலாவைக் கொல்கிறார்கள் என்றும் நினைத்திருந்தோம். நாவலின் கடைசியில் அவன் கழுத்தை அறுப்பது ஜோனதன் ஹார்க்கரின் குக்ரி. அதே கணத்தில் அமெரிக்கனான க்வின்சி மாரிஸின் கத்தி நெஞ்சில் இறங்குகிறது. கூர்க்காப் படையணிகளின் கத்தி ஓர் ஆங்கில வழக்கறிஞனின் கையில் இருப்பதைக் கண்டு, படைக்குடியிருப்பில் வளர்ந்த நாங்கள் இம்முறை புன்னகைத்தோம்.

இரண்டாம் வாசிப்பில் முதலில் கண்ணில் பட்டது நாவலின் வடிவம். நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், ஃபோனோகிராஃப் உருளையில் பேசிப் பதிந்த மருத்துவக் குறிப்புகள் என்று நாவல் முழுவதும் ஆவணங்களாலானது. எல்லோரும் எழுதுகிறார்கள். டிராகுலா ஒருவனுக்கு மட்டும் ஆவணம் இல்லை. அவன் பேசியதெல்லாம் அவனைக் கொல்லப் புறப்பட்டவர்களின் குறிப்பேட்டில்தான் நமக்குக் கிடைக்கிறது. அன்று இதைக் கவனிக்கவே இல்லை. வரலாறு என்பது பெரும்பாலும் வென்றவன் கோப்பு என்பதை இடைப்பட்ட வாழ்க்கை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அதனால் கோட்டையின் நூலகக் காட்சி இம்முறை வேறு விதமாகத் தைத்தது. டிராகுலாவின் அலமாரியில் ஆங்கிலப் புத்தகங்கள் நிரம்பியிருக்கின்றன. வரலாறு, புவியியல், சட்டம், தாவரவியல் மட்டுமின்றி, இங்கிலாந்தின் இராணுவ, கடற்படை அதிகாரிகளின் பட்டியலும் இருக்கிறது. அவன் ஆங்கிலத்தைப் புத்தகத்தில் மட்டுமே கற்றவன். இலக்கணமும் சொல்லும் தெரியும். உச்சரிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்ற கவலை. லண்டன் வீதியில் தன்னை யாரும் அந்நியன் என்று திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது அவன் ஆசை. அதற்காகவே ஹார்க்கரைத் தன்னிடம் தங்கிப் பேசச் சொல்கிறான். பதினைந்து வயதில் நாங்கள் ஹார்க்கரின் பக்கம் நின்று நடுங்கினோம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆங்கிலத்தைப் படித்த நாங்கள், மலை ஊர்ப் பையன்கள், உண்மையில் யார் சாயலில் இருந்தோம் என்பது அன்று உறைக்கவில்லை. வெலிங்டன் கிளப் எதன் வாசலிலாவது டிராகுலா வந்து நின்றிருந்தால் எங்களைவிட எளிதாக உள்ளே போயிருப்பான் என்று ஆசிரியர் நண்பர் சொன்னார்.

ஸ்டீபன் அராட்டா என்ற ஆய்வாளர் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்நாவலைத் தலைகீழாகிப்போன காலனியம் குறித்த அச்சமாக வாசிக்கிறார். தாங்கள் பிறநாடுகளில் செய்ததையெல்லாம் யாரோ ஒருவன் தங்கள் நாட்டுக்கே வந்து தங்களுக்குச் செய்துவிடுவான் என்ற பேரரசின் நடுக்கம் அது. வந்து, நிலம் வாங்கி, மொழி கற்று, இரத்தத்தை உறிஞ்சி, மக்களைத் தன் இனமாக மாற்றிவிடுவான். ஸ்டோக்கர் டப்ளினில் 1847இல், பஞ்ச காலத்தில் பிறந்த ஐரிஷ்காரர் என்பதும், டிரான்சில்வேனியாவை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் நூலகப் புத்தகங்களிலிருந்து அதை எழுதினார் என்பதும் இந்த வாசிப்புக்கு வலு சேர்க்கின்றன.

இதுவரை சொன்னவை மீள்வாசிப்பின் மகிழ்ச்சிகள். எங்களை நிறுத்திவைத்த இடம் வேறு.

ஏழாம் அத்தியாயத்தில் டிமீட்டர் என்ற ரஷ்யக் கப்பல் புயலில் விட்பி துறைமுகத்துக்குள் ஓடிவந்து கரை தட்டுகிறது. சுக்கானில் கட்டுண்ட தலைவனின் பிணத்தைத் தவிர அதில் ஆளில்லை. கப்பல் மோதிய கணத்தில் உள்ளிருந்து பெரிய நாய் ஒன்று பாய்ந்து கரையேறி இருளில் மறைகிறது. மறுநாள் ஊரில் பிராணிநேயர்கள் அந்த நாயைத் தேடுகிறார்கள், அன்போடு வளர்க்க. நிலக்கரி வணிகர் ஒருவரின் நாய் தொண்டை கிழிந்து தெருவில் கிடக்கிறது. டிராகுலா இங்கிலாந்தில் கால் வைப்பது கறுப்பு மேலங்கியோடு அல்ல. தெரியாத ஊரிலிருந்து வந்த நாயாக. இந்தப் பக்கத்தில் எங்கள் மருந்தாளுநர் நண்பர் புத்தகத்தை மூடிவைத்தார். அந்த வாரம் அதற்குமேல் போகவில்லை.

காரணத்தைச் சொல்ல வேண்டும். வெலிங்டனிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளிக் குன்னூரில், சிம்ஸ் பூங்காவுக்கு அருகில், பாஸ்டியர் நிறுவனம் இருக்கிறது. 1907இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் முதல் பாஸ்டியர் நிறுவனம் 1900இல் இமயமலைப் பக்கம் கசௌலியில் வந்தது. தென்னாட்டில் வெறிநாய் கடித்தவர் சிகிச்சைக்கு அவ்வளவு தூரம் போயாக வேண்டியிருந்தது. லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் 1902இல் அந்நோயால் இறந்ததே குன்னூரில் நிறுவனம் அமையத் தூண்டுதலாயிற்று என்பது அதன் வரலாற்றில் சொல்லப்படுவது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையில் கட்டடம் எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், காலக்கோட்டில் இந்த நாவலும் அந்த மருந்தும் அண்டை வீட்டார். லூயி பாஸ்டியர் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசியைப் போடச் செய்தது 1885 ஜூலையில். அவர் இறந்தது 1895இல். இரண்டாண்டுக்குப்பின் 'டிராகுலா' வந்தது.

எங்கள் தலைமுறை மலைக் குழந்தைகளுக்குக் குன்னூர் என்றால் ரயிலும் பூங்காவும் மட்டுமன்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசியும்கூட. ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்த மருந்து அது. டேவிட் செம்பிள் என்பவர் கசௌலியில் உருவாக்கிய முறை. வயிற்றில் நாள்தோறும் போடுவார்கள். இந்தியாவில் 2004 இறுதியோடு அவ்வகை மருந்து நிறுத்தப்பட்டது. இப்போது செல்வளர்ப்பு முறையில் செய்த தடுப்பூசி கையிலோ தோலுக்குள்ளோ போடப்படுகிறது. வலியும் பெரிதில்லை. ஆனால் எங்கள் சிறுவயதில், சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையிடம் பெரியவர்கள் பேயின் பெயரைச் சொல்லவில்லை, அந்த ஊசியைச் சொல்லித்தான் மிரட்டினார்கள்.

1987இல், நாங்கள் டிராகுலா படித்த மறு வருடம், தோட்டத்து லயன் வீடொன்றில் எங்களோடு பந்து விளையாடிய பையன் ஒருவன் இறந்தான். எங்களைவிட இரண்டு வயது இளையவன். குட்டிநாய் ஒன்று கெண்டைக்காலில் பல் பதித்ததை அவன் வீட்டில் சொல்லவில்லை. ஊசிக்குப் பயம். ஏறத்தாழ நாற்பது நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. பிறகு தண்ணீர்த் தம்ளரைக் கண்டு அவன் தொண்டை இறுகியது. விசிறிக் காற்றுப் பட்டால் உடல் துள்ளியது. வெளிச்சம் வேண்டாம் என்றான். அவன் நாய்போலக் குரைத்தான் என்று ஊரில் சொன்னார்கள். அது பொய். அவன் கடைசிவரை தன் அம்மாவை அடையாளம் கண்டு பேசினான்; பேச்சுக்கு நடுவில் மூச்சுத் திணறியது, அதைத்தான் குரைப்பு என்றார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. மருந்து செய்யும் இடம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது.

இதன்பிறகு லூசி வெஸ்டன்ராவின் நோய்ப்படுக்கை அத்தியாயங்களை எங்களால் கதையாக வாசிக்க முடியவில்லை. நாளுக்கு நாள் வெளுத்துப்போகும் பெண்; இரவு வந்தால் அச்சம்; நடுவில் ஒருநாள் தேறிவிட்டதுபோல் ஒரு தோற்றம். நான்கு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகத் தங்கள் இரத்தத்தை அவளுக்குக் கொடுக்கிறார்கள். கார்ல் லான்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்த இரத்தமே அவளைக் கொன்றிருக்கக்கூடும் என்று இன்றைய வாசகன் பதறுகிறான்; நாவலுக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

வெறிநாய்க்கடிக்கும் இரத்தக்காட்டேரிக் கதைக்கும் உள்ள ஒற்றுமையை நாங்கள் முதலில் காணவில்லை. ஹுவான் கோமஸ் அலோன்ஸோ என்ற ஸ்பானிய நரம்பியல் மருத்துவர் 1998இல் ஒரு மருத்துவ இதழில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கடியால் பரவுதல், தூக்கமின்மை, இரவில் அலைதல், கடும் நெடியையும் ஒளியையும் பொறுக்காமை ஆகிய அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டுகிறார். ஹங்கேரியில் 1721 முதல் 1728 வரை நாய்களிடமும் ஓநாய்களிடமும் இந்நோய் பெருகியிருந்ததையும், காட்டேரிக் கதைகள் ஐரோப்பாவில் பரவிய காலத்தோடு அது நெருங்கி வருவதையும் சுட்டுகிறார். நாவலில் டிராகுலா வௌவாலாகவும் வருகிறான். தென்னமெரிக்கப் புல்வெளியில் தன் குதிரையை ஒரே இரவில் வௌவால் உறிஞ்சிக் குற்றுயிராக்கியதாக க்வின்சி கூறுகிறான். அவ்வகை வௌவால்கள் இந்நோயைப் பரப்புகின்றன என்பதை டிரினிடாட்டில் ஜோசப் லெனாக்ஸ் பவான் நிறுவியது 1930களில்தான். ஸ்டோக்கருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இங்கே எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. மருந்தாளுநர் நண்பருக்கு அந்தக் கட்டுரை நிறைவளித்தது. ஆசிரியர் நண்பர் ஏற்கவில்லை. ஒரு நாவலை ஒரு நோயின் பெயரால் விளக்கிவிட்டால் நாவல் அங்கேயே முடிந்துபோகும் என்பது அவர் கட்சி. பாலுறவு அச்சம், காலனியம், நோய் என்று எந்தச் சாவி போட்டாலும் இந்நாவல் திறக்கிறது. ஆகவே எந்தச் சாவியும் முழுச்சாவி அன்று என்றார். மூன்றாமவர் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொன்னார். அறிகுறிகள் ஒத்துப்போகின்றனவா என்பதை விடுங்கள், நாவலில் காலம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள் என்றார். அந்த வழியில் போனபோதுதான் இந்நாவல் எங்களுக்கு இரண்டாம் முறையாகத் திறந்தது.

வெறிநாய்க்கடியில் கடிக்கும் நோய்க்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. கிருமி நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை கடிபட்டவர் நம்மைப்போலவே உண்பார், சிரிப்பார், பந்து விளையாடுவார். பாஸ்டியரின் சிகிச்சை சாத்தியமானதே இந்த இடைவெளியால்தான். கிருமி போய்ச் சேருமுன் உடலின் காவல் எழுந்துவிட வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. உலகில் ஆண்டுக்கு ஐம்பத்தொன்பதாயிரம் பேர் அளவில் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஏறத்தாழ அத்தனை சாவும் இந்த இடைவெளிக்குள் தடுக்கப்பட்டிருக்கக் கூடியவை.

'டிராகுலா'வின் இறுதிப் பகுதி முழுவதும் இந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது. மீனா ஹார்க்கர் கடிபட்டுவிட்டாள். அவனுடைய இரத்தம் அவளுக்குள் போய்விட்டது. ஆனால் அவள் இன்னும் மீனாதான். நெற்றியில் தழும்பு, பல்லில் மெல்லிய மாற்றம், நாளில் சில மணிநேரம் மட்டும் தெளிந்த பேச்சு. தான் தானாக இல்லாது போகும் நாள் வந்தால் தன்னைக் கொன்றுவிடும்படி சுற்றியிருப்போரிடம் உறுதி வாங்குகிறாள். உயிரோடு இருக்கும்போதே தனக்கான ஈமச்சடங்கு மன்றாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். முதல் வாசிப்பில் இந்தப் பக்கங்களை நாங்கள் வேகமாகத் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். எதுவும் நினைவில் இல்லை. குதிரைவண்டித் துரத்தல்தான் நினைவில் இருந்தது. அந்தத் துரத்தல் பழிவாங்கலுக்காக நடப்பதன்று, நோய் முற்றுமுன் போய்ச் சேர்ந்தாக வேண்டிய ஓட்டம் என்பது இப்போதுதான் புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. இந்நாவலில் டிராகுலாவுக்குக் கதவு திறந்துவிடுவது பெரும்பாலும் அன்பும் மௌனமும். லூசியின் அறையில் வான் ஹெல்சிங் வைத்த பூண்டுப் பூக்களை நெடி தாங்காதென்று எடுத்துவிட்டு, காற்று வரட்டும் என்று சாளரத்தைத் திறந்துவைப்பவள் அவள் தாய். தாய்க்கு இதயநோய், அதனால் அவளிடம் யாரும் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. பிறகு மீனாவையும் பாதுகாப்பதாக எண்ணி ஆண்கள் எல்லோரும் தங்கள் திட்டங்களிலிருந்து விலக்கிவைக்கிறார்கள். அவள் தனித்துவிடப்பட்ட அந்த இரவுகளில்தான் டிராகுலா வருகிறான். சொல்லாமல் விட்டது ஒவ்வொரு முறையும் அவனுக்கு வழியாகிறது. லயன் வீட்டுப் பையனும் சொல்லவில்லை. அவனைக் கொன்றதில் நாயின் பங்கு பாதி. மருந்தைப் பற்றி ஊர் வளர்த்துவைத்திருந்த பயத்தின் பங்கு மீதி.

தமிழில் இதற்கு இணையாக எதை வைப்பது என்ற பேச்சும் வந்தது. நாவல் எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை. சிறுகதை ஒன்று வந்தது. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை', 1943இல் வெளிவந்தது. வீட்டு வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண், நள்ளிரவில் மாறிமாறி வரும் மணமும் நாற்றமும், மனைவியின் குரல்வளையில் துளி இரத்தம். ஆங்கில நாவலில் மருத்துவர், வழக்கறிஞர், பிரபு, பேராசிரியர் என்று ஒரு குழுவே திரண்டு வந்து பேயை ஆராய்ந்து துரத்துகிறது. புதுமைப்பித்தனின் கதையில் குழு இல்லை. படித்த, எதையும் நம்பாத ஓர் எழுத்தாளனும் அவன் மனைவியும் மட்டும். நம்பினால் அறிவுக்கு இழுக்கு, நம்பாவிட்டால் மனைவிக்கு ஆபத்து. அந்தத் தவிப்புக்கு வான் ஹெல்சிங் எவரும் வந்து விடைசொல்வதில்லை. கலையாக எது மேல் என்றால் எங்கள் மூவர் வாக்கும் 'காஞ்சனை'க்கே. ஸ்டோக்கரின் நாவலில் தேவைக்கு மிஞ்சிய உரைகள் உண்டு. வான் ஹெல்சிங் பேசத் தொடங்கினால் ஒரு தேநீர் ஆறிவிடும். ஆனால் கடிபட்டவளுக்குள் நாள்கள் கழிவதை ஸ்டோக்கர் அளவுக்குப் பொறுமையாக எண்ணிக் காட்டியவரை நாங்கள் படித்ததில்லை.

அந்த எண்ணிக்கைக்கு நாவலுக்குள் பொறுப்பானவள் மீனாவே. எல்லோருடைய குறிப்புகளையும் வாங்கித் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குபவள் அவள். டிராகுலா எப்போது, எங்கே, எந்த வழியாகப் போகிறான் என்பதை அந்த அடுக்கிலிருந்துதான் கண்டுபிடிக்கிறார்கள். சிலுவையும் பூண்டும் அவனைத் தள்ளிநிறுத்தின. ஆற்றுவழியாகத் தப்பும் அவனைப் பிடித்துக் கொடுத்தது தேதி. ஏழாண்டு கழித்து எழுதப்பட்ட இறுதிக் குறிப்பில் ஹார்க்கர், தங்களிடம் மூல ஆவணம் என்று எதுவும் மிஞ்சவில்லை, இருப்பதெல்லாம் தட்டச்சுத் தாள்கள், இதை யார் நம்புவார்கள் என்று வருந்துகிறான். எங்களுக்கு அந்தத் தாள்கள் போதும் என்று தோன்றியது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் நாய்க்கடிக்கென்று ஒரு பதிவேடு இருக்கும். பெயர், வயது, கடித்த இடம், காயத்தின் வகை, தெருநாயா வளர்ப்பு நாயா என்பதோடு கடித்த நாளும் அதில் எழுதப்பட வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்வார்கள். தோலுக்குள் போடும் ஊசியானால் முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாள்களில் வரச் சொல்வார்கள். எங்கள் நண்பர் இருபத்தைந்து ஆண்டுகளாக எழுதிவரும் பதிவேடு அது. குழந்தை என்றால் கூட வந்த பெரியவரைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, என்றைக்குக் கடித்தது என்று குழந்தையிடமே தனியாகக் கேட்பது அவர் வழக்கம். நேற்று என்று அம்மாவிடம் சொன்ன பிள்ளை அவரிடம் போன வாரம் என்று சொல்வதுண்டு. தேதியைத் திருத்தி எழுதிவிட்டு, பதினான்கு ஊசி எல்லாம் இப்போது இல்லை, நான்கே தடவைதான், எறும்பு கடித்ததுபோல இருக்கும் என்று சொல்லிக் கையை நீட்டச் சொல்வார்.